ஞானத்தகப்பன்

வின்சன்ட்: கறியை வைச்சிட்டு இன்னும் நிக்கிறாய் எண்டால்... வேற ஏதோ காரியம் இருக்கு.

எல்சி: ஏன் அண்ணை, உங்களுக்குக் கறி சமைச்சுக்கொண்டு வரக்கூடாதோ?

வின்சன்ட்: ஈஸ்டருக்கே தராத ஆள், பாலையூற்றில இருந்து துறைமுகத்துக்கு இறைச்சிக் கறி காவிக்கொண்டு வாறாய். என்ர மீன்பிடி போட்டை எழுதி வாங்கப் போறியோ?

எல்சி: பகிடியை விடுங்க. மகனைக் கடலுக்குக் கூட்டிக்கொண்டு போங்க எண்டு கேக்க வந்தனான்.

வின்சன்ட்: ஜனுஷனையோ? ஆள் நிரம்பிட்டுது எல்சி.

எல்சி: றம்ஸான் இந்தமுறை வரேல்ல எண்டு அவர்ர மனிசி இப்பதான் சொன்னவ. ஆளில்லாம அலையிறீங்களாம்.

வின்சன்ட்: அந்த சுஹைராவுக்கு வாய் கூட... உன்ர பெடியனுக்கு வலை இழுக்க உடம்பில என்ன இருக்கு?

எல்சி: போன வருசம் உங்கட போட்டிலதானே இழுத்தவன்.

வின்சன்ட்: அது போன வருசம்.

எல்சி: ஓம்... இப்ப பல்லெல்லாம் உடைஞ்சு விழுது. நித்திரை இல்ல. சுவருக்குள்ள ஆக்கள் கதைக்கிறாங்க எண்டு கரண்டியால சுவரைக் கிளறுறான்.

வின்சன்ட்: புனர்வாழ்வு நிலையத்தில விடன். ஃபாதரும் சொன்னவர்தானே.

எல்சி: விட்டனான். மதில் பாய்ஞ்சு வந்திட்டான். எங்கட பக்கம் ஒழுங்கைக்கு ஒழுங்கை போதை விக்கிறாங்க, நான் அவனை எங்க கொண்டுபோய் ஒளிக்கிறது? கடலில கடை இல்லத்தானே.

வின்சன்ட்: பாயிஸைக் கேளன். அவன்ர போட்டும் நாளைக்குத்தான்...

எல்சி: பாயிஸோ அவனுக்கு ஞானத்தகப்பன்? ஞானஸ்நானத்தில, கோயில்ல அவனைக் கையில ஏந்திக்கொண்டு நிண்டது நீங்க. பசாசை விட்டுவிடுகிறாயா எண்டு சாமியார் கேக்க, அவனுக்காக விட்டுவிடுகிறேன் எண்டு சொன்னதும் நீங்க.

வின்சன்ட்: அதை ஏன் இப்ப இழுக்கிறாய்...

எல்சி: பிறகு எப்ப இழுக்கிறது?

வின்சன்ட்: ஏலாது எல்சி. வீட்டை போ.

எல்சி: ஏன் ஏலாது எண்டு சொல்லுங்க, போறன்.

வின்சன்ட்: மீன் பட்டால் இரவு பகல் பாக்காம இழுக்கோணும். கண் அசந்தவன் கடலுக்குள்ள போயிடுவான். அதால... பெடியள் முழிச்சிருக்க அந்த ஐஸ் போதையை நாங்களே குடுக்கிறனாங்கள். இப்ப அது இல்லாம ஒருத்தரும் ஏறமாட்டினம்.

எல்சி: ஜனுஷனுக்கும் குடுத்தனீங்களோ?

வின்சன்ட்: அவனுக்கு முதல் குடுத்ததே நான். நிண்ட நிலையில தூங்கி விழுந்தவன்... வேண்டாம் மாமா எண்டுதான் சொன்னவன். இண்டைக்கு மட்டும் எண்டு சொல்லி அதை இழுக்க வைச்சனான்.

எல்சி: தெரியும்.

வின்சன்ட்: தெரியுமோ?

எல்சி: அவன் அப்பவே சொல்லிப்போட்டான்.

வின்சன்ட்: தெரிஞ்சுகொண்டோ திரும்பவும் என்னட்டக் கொண்டு வாறாய்? அவனைத் திருத்த என்னால ஏலாதடி.

எல்சி: திருத்தச் சொல்லி ஆர் கேட்டது? காலமை அவன்ர தங்கச்சி சுலக்ஷனான்ர கழுத்தில கத்தியை வைச்சுக்கொண்டு நிண்டான், நான்தான் ஓடிப்போய் அந்த ஐஸை வாங்கிக் குடுத்தனான். ஒவ்வொரு நாளும் நான்தான் அண்ணை வாங்கிக் குடுக்கிறன்... இனி நீங்க குடுங்க.