வராத கருடன்

சேரன்மகாதேவியில் பஸ் ஏறிய இருவர் என் முன்சீட்டில் உட்கார்ந்தார்கள். கழுத்தில் மஞ்சள் துண்டு போட்டிருந்தவர், கோயில் கமிட்டிக்காரர் போல, அலுத்துக்கொண்டார்.

“கும்பாபிஷேகத்துக்குக் கருடன் வரல வே. கூட்டத்துல எவனோ தீட்டோட நின்னிருக்கான்.”

“வானத்துல ஒண்ணுமே வரலையா?” என்றார் ஜன்னலோரத்தவர்.

“ஒரு பழுப்புப் பருந்து கலசத்தையே சுத்துச்சு. கழுத்துல வெள்ளையே இல்ல. வெடி போட்டு வெரட்டுனோம்.”

“வாலு பிளந்திருந்துச்சா?”

“இல்ல, விசிறி கணக்கா வட்டமா இருந்துச்சு.”

“கூறுகெட்ட மனுசா! பருந்துக்குல்லா வாலு பிளந்திருக்கும். அது எளங்கருடன் வே. வளந்த பெறகுதான் கழுத்து வெளுக்கும்.”

துண்டுக்காரர் துண்டை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

“வந்த சாமிய வெடி போட்டு வெரட்டிட்டு, ஊருக்குள்ள தீட்டுக்காரனத் தேடுதீராக்கும்!”