செவ்வாய்க்கிழமையில் ஒரு கடைவாய்ப் பல்

நடுவட்டத்திலிருந்து ஊட்டிக்குப் போகும் பஸ்ஸில், வீங்கிய கன்னத்தில் மப்ளர் சுற்றியிருந்த ஒருவர், எனக்கு முன் சீட்டில் மனைவியிடம் எரிந்து விழுந்தார்.

"இன்னைக்குச் செவ்வாய்னு ஏன் சொல்லல? பைக்காராவுல எறங்கி ஊட்டுக்குத் திரும்பிடலாம்."

"பல்லுப் புடுங்கவும் நாள் பாப்பீங்களா?"

"செவ்வாய் ரத்தத்துக்கான கிரகம். இங்கிலீசு டியூஸ்டேயும் ஒரு சண்டைச்சாமி பேருதான். போன்ல படிச்சேன்."

"போன புதன்கிழமை?"

"வெள்ளக்காரங்களுக்கு அது செத்தவங்களக் கூட்டிட்டுப் போற சாமியோட நாளு."

"வெள்ளிக்கிழமை?"

"அன்னைக்கு ஊட்டுப் பொருள வெளிய குடுக்கலாமா?"

"ஏனுங்க, சொத்தப் பல்லு ஊட்டுப் பொருளா? திங்களும் வியாழனும் சூலம்னீங்க. சனி எல்லாப் பாசையிலயும் சனிதான்னீங்க. ஞாயிறு நல்ல நாளு, ஆனா டாக்டரு லீவு. பத்து நாளா உங்களுக்குக் கஞ்சி காச்சறேன். பக்கத்து ஊட்டுக் கன்னடக்காரங்க இன்னைக்கு மங்களவாரம்னுதான் சொல்றாங்க."

"அது அவங்க பல்லுக்கு."

பஸ் ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்தது. அவர் கன்னத்தைப் பொத்திக்கொண்டு அலறினார். பைக்காரா வந்தது. அவர் எழுந்திருக்கவில்லை.

"கன்னடத்துல என்னன்னு சொன்ன?" என்று மெதுவாகக் கேட்டார்.

"மங்களவாரமுங்க!" என்றார் மனைவி, டிரைவருக்கே கேட்கும்படி.