அமுதவல்லியின் ஆன்ம இளைப்பாற்றி

ஃபாதர், எல்லாம் எனக்குச் சரியாக நினைவிருக்கிறது என்று சொல்ல மாட்டேன். கேபிளை நிறுத்தியது சாம்பல் புதனன்றா, மறுநாளா என்பதில் எனக்கும் என் மனைவி கிருபாவதிக்கும் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. ஆனால் யோசனை உங்களுடையது. தவக்காலத்தில் கறி மீனை விடுவது பெரிதல்ல, மனசுக்கு நெருக்கமான ஒன்றை விடுங்கள் என்று பிரசங்கத்தில் சொன்னீர்கள். கிருபாவதி டிவியை விட்டாள். அவளைப் பார்த்து, வாரம் ஒரு வீட்டில் கூடி ஜெபிக்கும் எங்கள் அன்பியத்துப் பெண்களும் விட்டார்கள்.

எனக்கு அதில் மகிழ்ச்சிதான். நான் அதிகம் பேசாதவன். கையில் புத்தகமும் சுற்றிலும் சத்தமில்லாத வீடும் இருந்தால் போதும். கேபிளை விட்டதில் நன்மைகள் நிறைய. சோறு சூடாக வந்தது. எங்கள் வீட்டுச் சுவர்க்கடிகாரம் ஓடும்போது சத்தம் போடும் என்று தெரிந்தது. டிவியை நகர்த்தியபோது அதன் பின்னால் ஒரு ஜன்னலே இருந்தது.

இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் கிருபாவதி ஆரம்பித்தாள்.

"ஏனுங்க, பாக்கறதைத்தானுங்க உட்டேன். கேக்கறது தப்புங்களா?"

தப்பில்லை என்றேன். அங்கேதான் சறுக்கினேன்.

"அப்ப நீங்க வாக்கிங் போறப்ப பேக்கரி டிவில அமுதவல்லிக்கு என்னாச்சுன்னு பாத்துப்போட்டு வந்து சொல்லிப்போடுங்க."

அமுதவல்லி அவள் பார்த்துவந்த சீரியலின் நாயகி. முதல் நாள் பேக்கரிக்குப் போய் முழுவதும் பார்த்தேன். ஒருத்தி கதவைத் திறந்தாள், ஒன்பது பேர் திரும்பிப் பார்த்தார்கள், அவ்வளவுதான். மறுநாள் முதல் சிங்காநல்லூர் ஏரிக்கரைக்குப் போய் வெளிச்சம் இருக்கும்வரை படித்தேன். வீடு திரும்பி, தோன்றியதைச் சொன்னேன். யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

ஆனால் கேட்பது தப்பில்லை என்ற செய்தி அன்பியத்தில் பரவிவிட்டது. அந்தப் பெண்களில் முதலில் ஷைலா முறுக்கு டப்பாவோடு வந்தாள். அடுத்தடுத்த நாள் மற்றவர்களும் வந்தார்கள். சும்மா கேட்டுவிட்டுப் போயிருந்தால் நான் பொறுத்திருப்பேன்.

"என்ன சேலைங்கண்ணா கட்டியிருந்தா?"

"நீலம்."

"மாமியாக்காரி தீ வெச்சாளே, அந்த நீலமுங்களா?"

"அதே நிறத்தில் வேறொன்று."

"பாருங்க, ஒண்ணு போனா இன்னொண்ணு எடுத்துக்கறா. நமக்கெங்கீங்க."

இப்படிப் பாதி மாலை போய்விடும். முதலில் நான் சாத்வீகமான வழியைத்தான் முயன்றேன். அமுதவல்லியை மௌன விரதம் இருக்க வைத்தேன். பல நாட்கள் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்தாள், வேறெதுவும் செய்யவில்லை. எனக்கு அந்தப் பகுதிகள் பிடித்திருந்தன. பெண்களுக்கும் பிடித்துப்போனதுதான் சிக்கல். "என்ன நடிப்புங்க!" என்று ஷைலா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கூட்டம் அதிகமானது.

பிறகு கதையில் ஆட்களைக் குறைத்தேன். வாட்ச்மேனைக் காய்ச்சல் கொண்டுபோனது. சித்தப்பா படியில் வழுக்கினார். குடும்ப டாக்டருக்கு மாரடைப்பு. டாக்டர் விஷயத்தில் கொஞ்சம் முன்யோசனை இருந்தது என்பதை நான் மறைக்கவில்லை. அடுத்து வரப்போவதற்கு அவர் இடைஞ்சலாக இருந்திருப்பார்.

அமுதவல்லியை உடுமலைப்பேட்டைக்கு ஒரு கல்யாணத்துக்கு அனுப்பினேன். தென்னந்தோப்பு வழியாக நடக்க வைத்தேன். ஒரே ஒரு காய். அவள் துன்பப்படவில்லை; அதில் கவனமாக இருந்தேன்.

அன்று எங்கள் வீட்டில் விழுந்த மௌனத்தைப் போல் ஒன்றை நான் அதற்கு முன் கேட்டதில்லை. கடைசியில் கிருபாவதிதான் பேசினாள்.

"டாக்டரும் இல்லீங்களே."

"இல்லை" என்றேன்.

அழுதுவிட்டுக் கலைந்தார்கள். அதற்குப் பிறகு யாரும் வரவில்லை. தொடர்ந்து நான்கு மாலைகள் ஒரு தடித்த புத்தகத்தை யாரும் கூப்பிடாமல் படித்தேன். சனிக்கிழமை கிருபாவதி கோயிலுக்குப் போய் வந்து சொன்னாள்: "நாளைப் பூசையில ஆன்மாவுக்கு வேண்டிக்கச் சொல்லி அமுதவல்லி பேரு குடுத்துட்டு வந்தேனுங்க. உபதேசியார் யாருன்னு கேட்டாருங்க. நம்ம ஊட்டுப் புள்ளையாட்டன்னு சொன்னேன்."

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் மறுபடி முறுக்கு டப்பா வரும். என் மனைவியைப் பார்த்து ஊரே சிரிக்கும் என்று தெரிந்தே, புத்தகத்தில் அடுத்த பக்கத்தைத் திருப்பினேன்.

மற்றதற்கு நீங்களே சாட்சி. "அமுதவல்லியின் ஆன்ம இளைப்பாற்றிக்காக" என்று பீடத்திலிருந்து வாசித்தீர்கள். பெயருக்கு முன் கொஞ்சம் தயங்கினீர்கள். எங்கள் வரிசை முழுக்க முந்தானையால் கண்ணைத் துடைத்தது.

பூசை முடிந்ததும் பாடகர் குழுவிலிருக்கும் கரோலின் கேட்டாள். தவக்காலத்துக்கு அவள் விட்டது காபியை.

"எந்த அமுதவல்லிங்க்கா?"

"நம்ம சீரியல் அமுதவல்லி கண்ணு. தேங்கா உழுந்து போயிட்டா."

"நேத்துத்தானுங்க்கா அவளுக்கு வளைகாப்பு நடந்துச்சு. டாக்டர் வந்து வளையல் போட்டுட்டாருங்க."

பாடகர் குழு சிரித்தது, ஃபாதர். நான்கு குரலிலும் சிரித்தது. கிருபாவதி என்னைப் பார்த்தாள். நான் மணிக்கூண்டைப் பார்த்தேன்.

வீட்டுக்கு நடக்கும்போதுதான் கேட்டாள். "அப்ப தெனமும் எங்கீங்க போனீங்க?"

"ஏரிக்கு."



"ஏரியைப் பத்திச் சொல்லியிருந்தாக்கூட உக்காந்து கேட்டிருப்பேனுங்க. நீங்க பேசறீங்கன்னுதானே அத்தனையுங் கேட்டேன்."

 

ஈஸ்டருக்குப் பிறகு கேபிள் திரும்பி வந்தது. ஷைலாவும் மற்றவர்களும் அவரவர் வீட்டில் பார்க்கிறார்கள். டிவியில் அமுதவல்லிக்கு ஆண் குழந்தை. ஆனால் பூசை வைத்தது வைத்ததுதான் என்கிறாள் கிருபாவதி. அமுதவல்லி திரையில் வரும்போதெல்லாம் சிலுவை போட்டுக்கொள்கிறாள். என்னிடம் தேவைக்கு மட்டும் பேசுகிறாள். வாட்ச்மேன், சித்தப்பா, டாக்டர் எல்லோரும் சுகம். நான் படிக்கிறேன். அமைதிக்காகத்தான் இத்தனையும் செய்தேன், வேறு ஆசை எதுவும் எனக்கு இருக்கவில்லை. என் கைக்குத் தப்பியது சேலைக்குத் தீ வைத்த அந்த மாமியார் ஒருத்திதான். அவளை ஈஸ்டருக்கு முந்தின வாரம் அமராவதி அணைக்கு, முதலைப் பண்ணை பார்க்க அனுப்புவதாக இருந்தேன்.