முப்பது வரை எண்ணச் சொன்னவன்

அண்ணே, ரவுட்டர் மக்கர் பண்ணினால் அணைத்துவிட்டு, முப்பது வரை எண்ணி, மறுபடி போட வேண்டும். பாதிக் கோளாறு இதிலேயே சரியாகிவிடும். இன்டர்நெட் லைன் பார்க்கிற உங்களுக்கே இதைச் சொல்வது கொழுப்புதான். ஆனால் உங்கள் கேள்விக்குப் பதில் அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது. எங்கள் வீட்டு ரவுட்டருக்குள் பார்த்ததை அக்காவிடம் சொல்லாமல், மாடிப்படியில் நின்று எனக்கு போன் போட்டு, "ஏன் தம்பி இப்படி?" என்று மட்டும் கேட்டீர்கள். போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை அது. அதனால் எழுதுகிறேன்.

நாலு வருஷம் முன்பு பக்கவாதத்தில் அப்பாவுக்கு வலது பக்கமும் பேச்சும் போயின. அக்கா வேலையை விட்டுவிட்டு அவரைப் பார்த்துக்கொள்ள உட்கார்ந்தாள். நான் என் பங்குக்கு ஆறு மணி நேரம் தள்ளியிருக்கும் காலேஜில் சேர்ந்து ஹாஸ்டலுக்கு வந்தேன்.

சும்மா வந்துவிடவில்லை. அக்காவின் கம்ப்யூட்டரில் என்ன கோளாறு வந்தாலும் ஹாஸ்டலில் இருந்தே உள்ளே நுழைந்து சரிசெய்ய ரவுட்டரில் ஒரு வழி திறந்து வைத்தேன். ரவுட்டரை அணைத்துப் போட்டால் வீட்டின் இன்டர்நெட் எண் மாறிவிடும். அக்கா புது எண்ணைப் போனில் வாசிப்பாள், நான் நுழைவேன். இந்த ஒரு வேலையால் சொந்தத்தில் எனக்கு ஏகப்பட்ட பேர். எங்கே இருந்தாலும் வீட்டைத் தாங்குகிற பிள்ளை என்று பெரியம்மா பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

போன மாசம் அக்காவுக்கு ஒரு நேர்காணல் வந்தது. செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு, கம்ப்யூட்டர் வழியாக. வேலை வேறு ஊரில். முன்கூட்டியே என்னிடம் சொன்னாள்.

"கெடச்சா நீ ஒரு வருஷம் படிப்ப நிறுத்திட்டு வந்து அப்பாவப் பாத்துக்கணும்டா. ஒரே வருஷம். அதுக்குள்ள அங்க வீடு பாத்து அவரக் கூட்டிட்டுப் போயிடறேன்."

"இதெல்லாம் கேக்கணுமாக்கா" என்றேன். நிஜமாகவே அப்படித்தான் சொன்னேன்.

திங்கள் மதியம் எல்லாவற்றையும் ஒரு தடவை சரிபார்த்துக் கொடுக்கச் சொன்னாள். பார்த்தேன். கேமரா சரி, மைக் சரி, வேகம் சரி. செவ்வாய் பத்து மணிக்கு இன்டர்நெட் நின்றது.

பொறுமையாகத்தான் வழி சொன்னேன். ஒயரைப் பிடுங்கிச் செருகச் சொன்னேன். பச்சை விளக்கு எரிகிறதா என்று கேட்டேன். எண்ணை வாசித்தாள், நானும் முயன்றேன், நுழைய முடியவில்லை. அதில் பொய் இல்லை. போன் இன்டர்நெட்டில் போட்டுக்கொள்ளவா என்றாள். நடுவில் இணைப்பை மாற்றினால் வேறு யாரோ உட்கார்ந்து பதில் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று கம்பெனி சந்தேகப்படும் என்றேன். அது பொய். கடைசியில் ரவுட்டரை அணைத்துவிட்டு முப்பது எண்ணச் சொன்னேன்.

சத்தமாக எண்ணினாள். பதினேழில் நின்றுவிட்டாள். வெட்டிவிட்டதோ என்று போனைப் பார்த்தேன்.

"டேய், அப்பா எங்கூட எண்றார்டா" என்றாள்.

போனை அவர் வாயருகே பிடித்தாள். பதினெட்டு மாதிரி ஒன்று கேட்டது. நாலு வருஷத்தில் நான் கேட்ட முதல் வார்த்தை. அக்கா நேர்காணலை மறந்து அழுதாள். நான் ஹாஸ்டல் வராண்டாவில் நின்றுகொண்டு "சரிக்கா, சரிக்கா" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

பன்னிரண்டு மணிக்கு எல்லாம் தானாகச் சரியானது. நான் சரிசெய்ததாக அக்கா நினைத்தாள். "நீ இல்லன்னா நான் என்னடா பண்ணுவேன்" என்றாள்.

நீங்கள் பார்த்தது இதைத்தான். ரவுட்டரில் குழந்தைகள் கட்டுப்பாடு என்று ஒரு பக்கம் இருக்கிறதே, பிள்ளைகள் நேரம் கெட்ட நேரத்தில் விளையாடாமல் இருக்க. அதில் முப்பத்திரண்டு வயது அக்காவின் கம்ப்யூட்டரைக் குழந்தை என்று சேர்த்து, செவ்வாய்தோறும் பத்து முதல் பன்னிரண்டு வரை இன்டர்நெட் கூடாது என்று குறித்தவன் நான்தான். "வீட்ல சின்னப் பசங்க இருக்காங்களாம்மா?" என்று நீங்கள் கேட்டபோது அக்கா சிரித்தாளாம். என்னிடம் சொல்லிச் சிரித்தாள்.

கம்பெனி பெரிய மனசு பண்ணி அடுத்த செவ்வாயும் அதே நேரம் கொடுத்தது. எனக்கு ஏழு நாள் இருந்தது. குறிப்பை நீக்க ஒரு சொடுக்கு போதும். தினமும் உள்ளே போய் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். பரீட்சைக்குக்கூட ஒரே பக்கத்தை அத்தனை தடவை பார்த்ததில்லை. அந்தச் செவ்வாயும் ரவுட்டரை அணைத்தோம். அப்பா இருபத்து மூன்று வரை வந்தார். அதற்குப் பிறகு கம்பெனி கூப்பிடவில்லை. அக்கா உங்களைக் கூப்பிட்டாள்.

நேற்று போன் போட்டாள். வேறொரு கம்பெனி, வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு.

"பகல்ல அப்பாவப் பாத்துக்க ஒரு நர்ஸம்மா கெடச்சிட்டாங்கடா. சாயந்தரத்துக்குப் பெரியம்மா இருக்காங்க. நீ படிப்ப விட வேண்டாம். உன்னப் போய்க் கேட்டனேன்னு மனசே கேக்கலடா" என்றாள்.

அண்ணே, நான் பயந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. அதையும் அவளே எடுத்துப் போட்டுவிட்டாள். வெட்கமாக இருந்தது. உடனே உள்ளே போய்ச் செவ்வாய்க்கிழமைக் குறிப்பை நீக்கிவிட்டேன். இதை நீங்கள் நம்பலாம்.

ரவுட்டர் பாஸ்வேர்டை மாற்றிவிடு, பழசு எனக்கும் தெரியும், பாதுகாப்பில்லை என்று நீங்கள்தானே சொன்னீர்கள். அதையும் மாற்றிவிட்டேன். இனி அந்தப் பக்கத்தை என்னைத் தவிர யாரும் திறக்க முடியாது. நீங்கள் சிரமப்பட வேண்டாம்.

வெள்ளிக்கிழமை மூன்று முதல் ஐந்து வரை குறித்திருக்கிறேன். அப்பா இன்னும் முப்பதைத் தொடவில்லை அண்ணே, இந்த நேரத்தில் போய் எப்படி நிறுத்துவது.