செவ்வாய்க்கிழமைக் குரல்

இல்லைத் தம்பி, அந்தக் கசெற்றை மட்டும் அழிக்காதையும். நீர் புதுசா வந்த சுகாதாரப் பரிசோதகர், உமக்கு வேலை சரியா நடக்கவேணும், விளங்குது. பிழை இருக்குத்தான். கிளினிக் இப்ப வெள்ளிக்கிழமை. சுகாதாரக் கந்தோர்க் கார் ஸ்பீக்கர், அந்தக் கசெற்றைப் போட்டுக்கொண்டு, இன்னும் செவ்வாய்க்கிழமை எண்டு கத்துது. அதை நம்பிச் சரவணையில இருந்து சீதேவி கைக்குழந்தையோட வெயிலுக்குள்ள நடந்து வந்து, பூட்டின கதவைப் பாத்திட்டுத் திரும்பிப் போனவள். எனக்குத் தெரியாதே? அண்டைக்கு அவளுக்குத் தண்ணி குடுத்தது நான்தானே.

அதுக்குப் பிறகுதான் கார் போற ஒழுங்கையெல்லாம் நானும் பின்னால நடக்கிறனான். படலை படலையாத் தட்டி, பிள்ளையளுக்கு ஊசி வெள்ளிக்கிழமை எண்டு சொல்லுறன். விசரி எண்டு சனம் சிரிக்குது. சிரிக்கட்டும். இனி ஒரு பிள்ளைக்கும் ஊசி தப்பாது, நான் பொறுப்பு.

என்ன, வேற கசெற் கடையளில இல்லையோ? ஓம், இந்தச் சண்டைக்குள்ள இப்ப எங்க சாமான் வருகுது. எண்டாலும் இதுக்கு மேலதான் உம்மட குரலைப் பதியவேணுமே? உம்மட குரலைக் குறை சொல்லேல்லைத் தம்பி.

ஓமோம், நடுவில ஒரு சத்தம் கேக்கும். கிணத்துக்கு மருந்து போட்டாலும் தண்ணியைக் கொதிக்கவைச்சுக் குடியுங்கோ எண்டு சொல்லேக்க, தடார் எண்டு. பிறகு ஒரு சின்னச் சிரிப்பு. அறிவித்தலுக்கு அது வடிவில்லைத்தான்.

அது என்ர குசினிச் சட்டி. வீட்டில வைச்சுப் பதியேக்க என்ர கை நழுவி விழுந்தது. ரேப்பை நிப்பாட்டாமச் சிரிச்சது என்ர மனுசன் கிறிஸ்தோப்பர். உமக்கு முன்னம் இந்த வேலை பாத்தவர். ஊருக்கெல்லாம் கொதிக்கவை எண்டு சொல்லிப்போட்டு, வீட்டில வாளியோட பச்சைத்தண்ணி குடிக்கிற ஆள்.

போன மாரியில மண்கும்பான் றோட்டில காரை மறிச்சு அவரைக் கொண்டு போயிட்டாங்கள். ஆரெண்டு ஒருத்தரும் சொல்லினமில்லை. நான் ஓடிப் போய்ப் பாக்கேக்க கார்க் கதவு திறந்தபடி கிடக்குது. றோட்டில ஒரு சனமில்லை. ஸ்பீக்கரில அவர் மட்டும், செவ்வாய்க்கிழமை வாங்கோ, மறக்காம வாங்கோ எண்டு கூப்பிட்டுக்கொண்டே இருந்தவர்.

அந்தக் குரலும் போனா எனக்கு ஒண்டுமில்லைத் தம்பி.

தேத்தண்ணி ஆறுது, குடியும். பயப்பிடாதையும், நல்லாக் கொதிச்ச தண்ணிதான். அவர் செவ்வாய் எண்டே சொல்லட்டும். வெள்ளியை நான் பின்னால வந்து சொல்லுறன்.