கொம்பியூட்டருக்குக் காயம்

— உந்தப் பிளாஸ்டரைக் கழட்டும் எண்டு இப்ப மூண்டாந்தரம் சொல்லுறன், தவமணி. கொம்பியூட்டர் எங்கயாவது விழுந்து முழங்காலை உரஞ்சிப் போட்டுதோ?

— கழட்ட மாட்டேன் சேர். அந்த ஓட்டையில பென் டிரைவ் குத்தக்கூடாதுன்னுதானே ஒட்டியிருக்கேன். மேல என் கையெழுத்தும் இருக்கு, பாருங்க.

— பாத்தன், பாத்தன். மாவட்டக் கச்சேரிக் கந்தோரில முப்பத்தொரு வருஷம் வேலை செய்தவன் இந்த வரதராசா. அரசாங்க அதிபரின்ர கையெழுத்துக்கே நான் நடுங்கினதில்லை. இப்ப மடுல்கெல்லைத் தேயிலைத் தோட்டத்தில இருந்து வந்த பிள்ளை பிளாஸ்டரில வைக்கிற கையெழுத்துக்குக் கைகட்டி நிக்கவேண்டிக் கிடக்கு.

— கைய கட்ட வேணாம் சேர். பென் டிரைவை மட்டும் சாவிக்கொத்தோட சட்டைப் பையிலயே வச்சிருங்க.

— ரெண்டு மணிக்குக் கொழும்பில இருந்து தூதரகத்து அம்மா வாறா. எங்கட நாப்பத்திமூண்டு பேரின்ர பட்டியலைக் கேக்கிறா. இந்தப் பென்னில போட்டுக் கையில குடுத்தால் எவ்வளவு வடிவாயிருக்கும்! மகள் ரொறொன்ரோவில இருந்து அனுப்பினது. வெள்ளிப் பூச்சு.

— சீடியில எழுதித் தர்றேன் சேர். சீடி இங்கேருந்து வெளிய போகும், அதோட சரி. உள்ள எதையும் கொண்டாராது. பென் அப்படி இல்ல. ஊரெல்லாம் சுத்தும், போன எடத்து சீக்கையெல்லாம் வாரிக்கிட்டு வந்து நிக்கும்.

— சீடி! கலியாண வீட்டு வீடியோக்காரன் குடுக்கிற சாமான். ரெண்டாயிரத்தெட்டாம் ஆண்டில, ஒரு சட்ட உதவிக் கந்தோரின்ர தலைவர், அதைத் தூக்கிக்கொண்டு போய் ஒரு வெள்ளைக்கார அம்மாவுக்கு முன்னால நிக்கிறதோ? சிரிக்கமாட்டாவே?

— அவங்க சிரிச்சா சிரிச்சிட்டுப் போகட்டும். அந்த நாப்பத்திமூணு பேரும் யாருன்னு நெனைச்சுப் பாருங்க.

— எனக்கே பாடம் எடுக்கிறீரோ? வெள்ளை வானில ஏத்திக் கடத்தப் பாத்துத் தப்பினவை. காணாமல் போன பிள்ளையைப் பற்றி வாய் திறந்து, பிறகு வெருட்டு வாங்கினவை. இப்ப ஒளிச்சு இருக்கினம். ஆர் எங்க எண்டு இந்தக் கந்தோருக்கு மட்டும்தான் தெரியும். அதுக்கு இப்ப என்ன?

— அதுக்குத்தான் இந்த மெஷினுக்கு இன்டர்நெட் கூட குடுக்காம வச்சிருக்கேன். எண்பத்திமூணு கலவரத்துல எங்கப்பா வேலை செஞ்ச கடைக்கு வந்தவனுங்க கைய வீசிக்கிட்டு வரல சேர். லிஸ்டோட வந்தானுங்க. எது தமிழன் கடை, எது தமிழன் வீடுன்னு வாசிச்சு வாசிச்சு கொளுத்துனானுங்க. அப்பா கடைசி வரைக்கும் தன் பேரை ஒரு காயிதத்துல எழுதக் குடுக்கமாட்டாரு.

— அது காகிதக் காலம், பிள்ளை. இது கொம்பியூட்டர். உலகம் எங்கயோ போட்டுது, நீர் இன்னும் லயத்து வாசலிலயே நிக்கிறீர்.

— சரிங்க. லயத்துக்காரி ஒண்ணே ஒண்ணு கேக்கிறேன். இந்தப் பென் எங்கெல்லாம் போயிருக்கு?

— எங்க போறது? என்ர திறப்புக் கோர்வையில தொங்குது. வீடு, கந்தோர். கந்தோர், வீடு.

— வீட்டுல கம்ப்யூட்டர் இருக்குங்களா?

— இல்லை. மகளுக்குப் படம் அனுப்ப எண்டால் சந்தியில இருக்கிற கொமினிகேசன் கடைக்குப் போவன்.

— அங்க நாளைக்கு நூறு பேரு பென் குத்துறான் சேர்.

— நூறு பேர் குடிக்கிற கடையில நீர் தேத்தண்ணி குடிக்கிறேல்லையோ?

— குடிக்கிறேன். கோப்பையைக் கழுவித்தான் தருவான். உங்க பென்னை யாரு கழுவுறா? குடுங்க, மூலையில இருக்கிற பழைய மெஷின்ல குத்திக் காட்டுறேன். அதுல ஒண்ணுமில்ல, செத்தாலும் கவலையில்ல.

— பிடியும். ஒண்டும் இல்லையெண்டால் அந்தப் பிளாஸ்டரை உம்மட கையாலயே உரிக்கவேணும். உரிச்சுப்போட்டு என்னட்ட மன்னிப்பும் கேக்கவேணும்.

— கேக்கிறேன். இந்தக் கதிரையில உக்காருங்க. இதோ, இந்த மஞ்சள் ஃபோல்டர் தெரியுதுங்களா? 'வசந்தி படங்கள்'.

— என்ர மகள். நான் வைச்ச பேர்.

— நீங்க வச்சதை இது மறைச்சிட்டு, அதே பேர்ல தான் நிக்குது. இது ஃபோல்டரே இல்ல, ஃபோல்டர் சட்டையை மாட்டிக்கிட்ட வைரஸ். மகள் படம்னு நீங்க ரெண்டு தட்டுத் தட்டுவீங்க. அது மெஷினுக்குள்ள போய் சம்மணம் போட்டு உக்காந்துக்கும். சில மெஷின்ல தட்டக்கூட வேணாம், பென்னைக் குத்தினதுமே தானா ஓடும்.

— ஓடட்டுமேன்! ஓடி என்ன கிழிக்கும்? மிஞ்சிப்போனால் கொம்பியூட்டர் கொஞ்சம் இழுபடும். உதுக்கோ இந்தக் காவல்?

— எல்லா வைரஸும் ஒரே மாதிரி இல்ல சேர். இந்த ஜாதி, போற மெஷின்ல இருக்கிற எழுத்து வேலையெல்லாம் கொப்பி எடுக்கும். எடுத்ததைப் பென்னுலயே யாருக்கும் தெரியாம ஒளிச்சு வைக்கும். இருங்க, ஒளிச்சதையும் காட்டுன்னு மெஷினுக்குச் சொல்றேன்... சேர்.

— என்ன?

— இது என்ன சேர்?

— எனக்கென்ன தெரியும்? என்ர கண்ணாடி அங்கால மேசையில.

— நம்ம பட்டியல். நாப்பத்திமூணு வரியும். உங்க பென்னுல.

— விசர்க் கதை! நான் அதைக் கொப்பி பண்ணேல்லை. பிள்ளையாராணை பண்ணேல்லை.

— நீங்க பண்ணல. இது பண்ணியிருக்கு. செவ்வாக்கிழமை, காலையில பத்தே கால்னு போட்டிருக்கு. நான் அன்னைக்கு லீவு. பட்டியல் இருக்கிறது பிளாஸ்டர் ஒட்டின மெஷின்ல மட்டும்தான். அப்ப இந்தப் பென் அதுக்குள்ள எப்படிப் போச்சு?

— கள்ளனை விசாரிக்கிற மாதிரிக் கேக்காதையும். ஆரும் வந்திருப்பினம். முன் மேசையில இருக்கிறது றலியாதானே, அவவைக் கேளும். றலியா! இஞ்ச ஒருக்கா வாரும்!

— நானே வரத்தான் பாத்தேன் சேர். தூதரகத்து நோனா வந்து ஈக்கிறாங்க. உக்கார வச்சி தேத்தண்ணி குடுத்தீக்கி.

— றலியா, செவ்வாக்கிழமை இந்த ரூமுக்கு யாரு வந்தா?

— செவ்வாக்கிழமையா? ஒருத்தரும் வரல்லியே தவமணியக்கா. சேர் மட்டும்தான். எங்கிட்ட கத்தரிக்கோல் வாங்கினாங்க. பொறகு மருந்துப் பெட்டியில ஈந்து புதுப் பிளாஸ்டர் ஒண்ணு கேட்டாங்க. அல்லாவே, கையை வெட்டிக்கிட்டாங்களோன்னு நான் மஞ்சள் மருந்து கூட எடுத்துக்கிட்டு ஓடி வந்தேனே. காயம் ஆறிட்டா சேர்?

— றலியா, நீர் போய் அந்த அம்மாவோட கதைச்சுக்கொண்டிரும்!

— இங்கிலீசிலயா?

— சிரிச்சுக்கொண்டாவது இரும். போம்!

— ...கையெழுத்து?

— என்ன கையெழுத்து?

— இந்தப் புதுப் பிளாஸ்டர்ல இருக்கிற என் கையெழுத்து. மூணு நாளா நானே போட்டதுன்னு நம்பிக்கிட்டிருக்கேன். நீங்க போட்டதா சேர்?

— ரெண்டு சுழி, ஒரு கோடு. அதுக்குப் போய் ஏதோ காணி உறுதி மோசடி மாதிரி...

— முப்பத்தொரு வருஷம் கச்சேரியில இதைத்தான் படிச்சீங்களாக்கும்.

— வாயை அளந்து கதையும்!

— அளந்ததுனாலதான் இதோட நிக்குது. எதுக்கு சேர் திறந்தீங்க?

— ஒரு பிரின்ட் எடுக்க. பிரின்டரை நீர் அந்த மெஷினோடதானே கட்டி வைச்சிருக்கிறீர். பொலிசுக்கு வீட்டுப் பதிவுப் படிவம் குடுக்கவேணும். தமிழ் வீட்டில ஆர் ஆர் இருக்கினம், எந்த ஊர், எப்ப வந்தவை எண்டு எல்லாரிட்டையும் கேக்கிறாங்கள், தெரியும்தானே. மற்றவை கடதாசியில கிறுக்கிக் குடுக்கினம். நான் அப்பிடிக் குடுப்பனோ? இங்கிலீசில, கட்டம் போட்டு, ஓரம் சரி பாத்து, கொமினிகேசனில இருந்து நானே அடிச்சனான்.

— பிரின்ட் எடுத்தீங்க. பொறகு?

— அடுத்த நாள் கொண்டுபோய்க் குடுத்தன்.

— பிரின்டை மட்டுமா?

— அந்தச் சார்ஜன்ட் நல்ல மனிசன், தவமணி. இவ்வளவு வடிவா ஒருத்தரும் தந்ததில்லை மாத்தயா எண்டான்.

— பிரின்டை மட்டுமா குடுத்தீங்க சேர்?

— தாங்கள் திருப்பி அடிக்கிறது கரைச்சல், பென்னில கிடக்கோ எண்டு கேட்டான். குடுத்தன். எனக்குக் கதிரை போட்டவன், தெரியுமே? உங்கட தோட்டத்து ஆக்கள் வெளியில வரிசையில நிக்க, நான் உள்ளுக்க இருந்து பிளேன்ரீ குடிச்சன்.

— எவ்வளவு நேரம் அவங்க கையில இருந்துச்சு?

— ஒரு பிளேன்ரீ குடிக்கிற நேரம்... ரெண்டு. பிறகு சிவில் உடுப்பில ஒருத்தன் வந்து உள் அறைக்கு வாங்கிக்கொண்டு போனவன். அரை மணித்தியாலம் இருக்கும். சிரிச்சுக்கொண்டுதான் திருப்பித் தந்தவன்.

— சிரிக்கமாட்டானா? ஊரெல்லாம் தேடுற பட்டியலை வெள்ளிப் பூச்சுப் பூசிக் கொண்டுபோய்க் குடுத்திருக்கீங்க.

— தவமணி... அதில எல்லாம் கிடக்கே? புசல்லாவையில நிக்கிற அந்தப் பெடியன், ரெண்டு பிள்ளையோட ஒளிச்சிருக்கிற றீற்றா, எல்லாரின்ர விலாசமும்? என்ர ஆண்டவனே, நான் என்ன செய்துபோட்டன்! நாப்பத்திமூண்டு சனம். ஏசும். வாய்க்கு வந்தபடி ஏசும்!

— விலாசம் அதுல இல்ல சேர்.

— என்ன?

— திங்கக்கிழமை சாயங்காலம், லீவுல போறதுக்கு முன்னாடி, விலாசம் இருந்த கட்டத்தை அழிச்சிட்டேன். அப்பியாசக் கொப்பியில எழுதி எங்கிட்டயே வச்சிருக்கேன். பேரெல்லாம் அவங்களுக்கு ஏற்கனவே தெரிஞ்ச பேருதான். எங்க இருக்காங்கங்கிறதுதான் தெரியாது. அது இன்னும் தெரியாது.

— பிளாஸ்டரும் ஒட்டி, அழிச்சும் வைச்சனீரோ? அப்ப என்னில நம்பிக்கை இல்லை.

— பிளாஸ்டர் மேல கொஞ்சம் இருந்துச்சு. உங்க மேல இல்ல.

— அப்பாடா! பிறகென்னத்துக்கு இவ்வளவு கூத்து? வெறும் பேருக்கு என்ர உயிரை எடுத்துப்போட்டீர். இதுதான் உங்கட ஆக்களோட கரைச்சல், ஒரு சின்னச் சங்கதியைப் பிடிச்சு ஊதி ஊதி... சரி, விடும். உம்மட சீடியையே அடியும், அந்த அம்மா காத்துக்கொண்டிருக்கிறா. அழிச்ச கட்டம் வெறுமையா எல்லோ கிடக்கும்? பாக்க வடிவில்லை.

— வெறுமையா விடல சேர். நீங்க சொன்னதைத்தான் போட்டேன்.

— நான் என்ன சொன்னனான்?

— போன வாரம் கத்துனீங்களே, ஒவ்வொரு வரியிலயும் உங்க பேரு வரணும்னு. வெளிநாட்டுக்காரங்க பாக்கணுமாம், இந்தக் கந்தோரை யாரு நடத்துறான்னு தெரியணுமாம். தலைப்பையும் நீங்கதான் சொல்ல நான் எழுதினேன். 'இவர் இருக்குமிடம் அறிந்தவர்'. கீழ நாப்பத்திமூணு வரியிலயும் க. வரதராசா.

— ...கந்தோர் விலாசம்தானே போட்டனீர்?

— கந்தோர் இன்னைக்கு இருக்கும், நாளைக்கு மாறும், என் வீடு மாறாதுன்னீங்க. வீட்டு விலாசம்தான் சேர். பதிவுப் படிவத்துல நீங்க கட்டம் போட்டு அடிச்சீங்களே, அதே விலாசம். ரெண்டும் ஒரே பென்னுல போயிருக்கு.

— நீர் ஏன் பிள்ளை அதை எழுதினீர்? எனக்குச் சொல்லியிருக்கலாமே!

— சீடியில அந்தத் தூதரகத்து அம்மா கைக்கு மட்டும்தான் போகும்னு நெனச்சித்தான் எழுதினேன். உங்க கத்தலுக்குப் பயந்து எழுதினேன். எழுதியிருக்கக் கூடாது சேர். என் தப்பும் இருக்கு.

— மனிசி வீட்டில தனிய நிக்கிறா.

— இப்பவே போன் பண்ணுங்க. கடைக்குப் போற மாதிரி வெளிய வரச் சொல்லுங்க, பை ஒண்ணும் தூக்க வேணாம். நீங்களும் இனிமே அந்தப் பக்கம் போகாதீங்க.

— நானோ? நான் ஒளிக்கிறதோ? எனக்குக் கதிரை போட்டவங்கள், தவமணி. மாத்தயா எண்டு கூப்பிட்டவங்கள். வரதராசா போய் ஆரின்ர வீட்டில ஒளிக்கிறது?

— அதைத்தான் நானும் கேக்கிறேன். கொப்பியைத் திறந்துட்டேன் சேர். நாப்பத்திநாலு, க. வரதராசா. நாப்பத்தஞ்சு, மனைவி. எங்க இருக்கப் போறீங்கன்னு சொல்லுங்க, எழுதிக்கிறேன்.