மேகவல்லிப் பட்டு

எமர்ஜென்சி முடிந்த வருஷம். போளூரிலிருந்து ஆரணிக்குப் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் ஒரு பட்டுக்கடை முதலாளியும் அவருக்குப் புடவை நெய்து கொடுக்கும் நெசவாளியும் உட்கார்ந்திருந்தார்கள். சந்தவாசல் தாண்டியதும் நெசவாளி சொன்னார்:

“அந்தப் புடவையக் கட்டினதும் பொண்ணு கல்லாப் பூடுதுங்க, மொதலாளி.”

“எந்தப் பொண்ணு?”

“மேகவல்லிங்க. நம்ம ஊர்க்காரர் அந்தக் காலத்துல எழுதின மாயாஜாலக் கதை. அதுல வர்ற புடவைன்னு சொல்லித்தானே ‘மேகவல்லிப் பட்டு’ன்னு பேரு வெச்சீங்க?”

“பேரு ஷோக்கா இருந்துது, வெச்சேன். கதையெல்லாம் யாரு படிச்சா? டெய்லி அவரு படத்துக்கு மாலை போடறேன், அது போதாதா?”

“நான் படிச்சேங்க. லைப்ரரில இருந்துது. தாலி கட்டற நேரத்துல அப்படியே கல்லா நிக்குது. நாம கல்யாணத்துக்குத்தானே வித்துகினு இருக்கோம்!”

முதலாளி பஸ்ஸை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

“வேற யார்கிட்டனா சொன்னியா?”

“இல்லீங்க. ஆனா, படிச்சவங்க யாருனா கடைக்கு வந்து கேட்டா?”

“சும்மா பேஜார் பண்ணாத. அந்த எழுத்தாளரோட சொந்தப் புள்ளயே நேத்து வந்து, பொண்ணு கல்யாணத்துக்கு மேகவல்லிதான் எடுத்துகினு போனாரு. ‘எங்கப்பா பேரை நீங்க ஒருத்தர்தான் காப்பாத்தறீங்க’ன்னு என் கையப் பிடிச்சிகினு அழுதாரு.”